ஓடும் நிலையில் ஒப்படைத்தது

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா அவர்களின் சமூகத்துக்கு, உடன்பிறந்த ஒரே தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் புது வால்வும் சௌக்கியம். அங்கே நீயும் உன் பழைய வால்வும் சௌக்கியமில்லை என்று உன் பெரியவன் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டபடியால், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதும் வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன். ஆவல் இல்லை அக்கா. ஆத்திரம்தான் இருக்கிறது.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் இட்டுக்கட்டினேன் என்று சொல்லாதே. "மாமா, வியாழக்கிழமை ஆபரேஷன்னு தேதி குடுத்துட்டாங்க. உங்க ஆஸ்பத்திரியேதான், உங்களுக்குப் பண்ணின அதே டாக்டரம்மாதான். வால்வு சரியா மூடலயாம், ரத்தம் திரும்பிப் போகுதாம், நுரையீரல்ல தண்ணி சேருதாம், இனிமே தள்ளிப்போடக் கூடாதாம். அம்மா என்னடான்னா, 'எழுபது வயசுல எனக்கெதுக்குப் புது வால்வு, இருக்கறது ஓடற வரைக்கும் ஓடட்டும்'னு சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய ஃபாரத்தைக் கவுத்து வெச்சு, அதுமேல தண்ணி டம்ளரை வெச்சுட்டாங்க." ஏன் அக்கா, ஃபாரம் என்ன டம்ளருக்குத் தட்டா? மூன்று படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குகிறதாம். படுத்தால் முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாயாம். இந்த லட்சணத்தில் 'ஓடற வரைக்கும் ஓடட்டும்' என்று ஒற்றைக்காலில் நிற்கிறாய். முப்பத்தோரு வருஷம் குடிநீர் பம்ப் ஹவுஸில் மெக்கானிக்காக இருந்தவன் சொல்கிறேன், ஒழுகுகிற வால்வு தானாக ஒழுங்கானதாக எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் உன்னிடம் நான் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்தது என்றைக்கு? நான் 'அக்கா, அது வந்து' என்பதற்குள் நீ 'டேய்' என்பாய், அதோடு என் பேச்சு முடிந்தது. அதனால்தான் கடிதம். இதற்குள் நீ குறுக்கே புக முடியாது. ஞாயிறு சாயங்காலம் ஆரம்பித்து இன்று புதன்கிழமை வரை எழுதுகிறேன். இன்று சாயங்காலம் தபாலில் போட்டால் உனக்கு எப்போது வரும் என்று உன் தம்பி பெண்டாட்டி கேட்கிறாள். அதைப் பற்றி அப்புறம் யோசிப்போம். முதலில் நீ கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இத்துடன் ஆஸ்பத்திரியின் இருபத்தைந்தாம் ஆண்டு மலரை வைத்திருக்கிறேன். 'இதய, நுரையீரல் அறுவை சிகிச்சையில் நமது சாதனைகள்' என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. ஒழுங்காகப் படி. இரண்டு அறையும் ஒரு மேஜையுமாக ஆரம்பித்தவர்கள். அப்போதெல்லாம் நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, இரண்டு கதவையும் திறக்கிற மாதிரி திறப்பார்களாம். இப்போது பலபேருக்கு விலா எலும்புக்கு நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு, அதன் வழியாகவே வால்வை மாற்றிவிடுகிறார்கள். நுரையீரலில் கெட்டுப்போன துண்டை மூன்று சின்ன ஓட்டை வழியாக எடுத்துவிடுகிறார்கள். போன வருஷம் ஒருவருக்கு இதயத்தையும் இரண்டு நுரையீரலையும் ஒரு செட்டாகவே மாற்றியிருக்கிறார்கள், அந்த மனிதர் இப்போது செக்கப்புக்கு சைக்கிளில் வருகிறார், பதினோராம் பக்கத்தில் படம். எல்லாம் சரி. ஆனால் பத்தொன்பதாம் பக்கத்தைப் பார். அங்கே நான் இருக்கிறேன். 'அறுபத்தாறு வயது ஆண். வால்வு மாற்று சிகிச்சை. குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதுமின்றிக் குணமடைந்தார்.' ஏதுமின்றியா! படித்ததும் எனக்கு எப்படி இருக்கும் சொல். ஏதுமின்றிக் குணமடைய நான் என்ன ஜலதோஷம் பிடித்தவனா? நடந்ததை நான் சொல்கிறேன், கேள். கேட்டபிறகு உனக்குப் பயம் என்று ஒன்று மிச்சமிருந்தால் என்னைக் கேள்.

எட்டு மாசத்துக்கு முன்னால் அட்மிட் ஆன அன்றைக்கே நர்ஸம்மா, "பயமா இருக்கா ஐயா?" என்று கேட்டாள். எனக்கா! சிரித்துவிட்டேன். பிரஷர் நூற்றெண்பது காட்டியது என்றால் அந்தப் பட்டையை அவள் இறுக்கிக் கட்டியதுதான் காரணம். இரண்டாவது தடவை தளர்த்திக் கட்டச் சொன்னேன், நூற்றுத் தொண்ணூறு காட்டியது, அதற்கு மேல் நான் வாக்குவாதம் செய்யவில்லை. அடுத்து, மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் மூன்று குழாய், குழாய்க்கு ஒரு சின்னப் பந்து, பக்கத்தில் உறிஞ்சும் டியூப். ஆபரேஷனுக்கு முன்னாலேயே நுரையீரலைத் தயார் பண்ண வேண்டுமாம், பின்னால் அதுதான் சளி கட்டாமல் காப்பாற்றுமாம். அவள் வாயைத் திறந்து விளக்குவதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, காற்று சமாச்சாரம் எனக்குத் தெரியாதா? டியூபை வாயில் வைத்து ஒரே ஊது. பந்து அசையவில்லை. இன்னொரு ஊது. கண் இரண்டும் வெளியே வந்ததே தவிர பந்து வரவில்லை. அடைப்பு என்று முடிவு பண்ணி, அவள் பக்கத்துக் கட்டிலுக்குப் போன சமயம் பார்த்து, ஸ்பூன் முனையை விட்டு டப்பாவைப் பிரித்துவிட்டேன். மூன்று பந்தும் வார்டு முழுக்க உருண்டன. இதய நோயாளிகள் குனியக் கூடாது என்று சட்டம், அதனால் பந்தைத் தேடி நர்ஸம்மா, துப்புரவு அம்மா, மூச்சுப் பயிற்சிப் பெண் மூன்று பேரும் கட்டிலுக்கடியில் தவழ, நாங்கள் எட்டு பேர் மேலே உட்கார்ந்து, "அந்தப் பக்கம், இல்ல இல்ல, ஸ்டாண்டு கால் பக்கத்துல" என்று வழிகாட்டினோம். அந்தப் பெண் தூசியோடு எழுந்து நின்று, "ஐயா, இது ஊதறதுக்கு இல்ல, உறிஞ்சறதுக்கு" என்றாள். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பக்கத்துக் கட்டிலில் மைக்காரர். கூட்டங்களுக்கு மைக் செட் போட்டு, அறிவிப்பும் அவரே பண்ணுகிறவர், அதனால் வார்டில் அந்தப் பேர். இடது நுரையீரலில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள், மூன்று ஓட்டை வழியாகத்தான். நாலாம் நாள் மனிதர் காரிடாரில் நடந்துகொண்டே, "அன்பான நோயாளிகளே, இன்றைய சாதனை, இரண்டு பந்து, ஏழு விநாடி!" என்று அறிவிக்கிறார். நுரையீரலில் ஒரு துண்டு குறைவாக இருக்கிறவர் ஏழு விநாடி என்றால், முழு நுரையீரல் வைத்திருக்கும் நான் சும்மா இருப்பேனா? மூன்று நாளில் மூன்று பந்தையும் தூக்கி ஒன்பது விநாடி நிறுத்தினேன். அந்தச் சாதனை மலரில் இல்லை, போகட்டும்.

பிறகு டாக்டரம்மாவோடு பேச்சுவார்த்தை. ஆள் குள்ளம், மேஜை எட்டாமல் சின்ன ஸ்டூல் மேல் ஏறி நின்றுதான் ஆபரேஷன் பண்ணுவாராம், அந்த ஸ்டூலின் கால் ஆடுகிறதா என்று நான் கேட்டு வைத்துக்கொண்டேன். மாட்டுத் திசுவில் செய்தது, உலோகத்தில் செய்தது என்று வால்வில் இரண்டு ரகம் இருக்கிறது, ஐயா வயதுக்குத் திசு வால்வே போதும் என்றார். "தோல் வாஷர் தேயும் டாக்டரம்மா, உலோகமே போடுங்க" என்றேன். காலம் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போட வேண்டும் என்றார். சரி என்றேன். என் அனுபவத்தை மதித்தோ, நேரமாகிவிட்டது என்றோ, அவரும் சரி என்றார். உனக்குத் திசு வால்வுதான், பிடிவாதம் பண்ணாதே, நீ மாத்திரையை மறக்கிற ஆள்.

முக்கியமான கேள்விக்கு அப்புறம்தான் வந்தேன். வால்வு மாற்ற வேண்டுமானால் பம்பை நிறுத்தியாக வேண்டும், அது உலகறிந்த விஷயம். நானே நூற்றுக்கணக்கான தடவை நிறுத்தியிருக்கிறேன், திரும்ப ஓடவும் வைத்திருக்கிறேன், மூன்றாம் நம்பர் பம்ப் ஒன்றைத் தவிர, அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். "இதை நிறுத்திட்டு எப்படிம்மா பண்ணுவீங்க?" என்றேன். "நிறுத்தித்தான் பண்ணுவோம். அதுவரைக்கும் வெளிய ஒரு மெஷின் உங்க இதயத்தோட வேலையும் பார்க்கும், நுரையீரலோட வேலையும் பார்க்கும்." "ஸ்டாண்ட்பை பம்ப்!" என்றேன். "அப்படியே வெச்சுக்குங்க." "கரண்ட் போனா?" "பேட்டரி." "பேட்டரி போனா?" டாக்டரம்மா சிரித்தார். "கையால சுத்தறதுக்குக் கைப்பிடி இருக்கு ஐயா." கைப்பிடி இருக்கிறது என்றதும் எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

எங்கள் பம்ப் ஹவுஸில் ஒரு வழக்கம் உனக்குத் தெரியும். ஷிஃப்ட் மாறும்போது, போகிறவன் நோட்டில் 'ஓடும் நிலையில் ஒப்படைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான், வருகிறவன் 'ஓடும் நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று போடுவான். இரண்டு கையெழுத்தும் விழாமல் ஒருவன் வீட்டுக்குப் போக முடியாது. என் பம்பை மட்டும் யார் பேரும் இல்லாமல் ஒப்படைப்பேனா? ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கே குளித்து, பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, சிங்கம் மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அந்த மெஷினை ஓட்டுகிறவரை நானே ஆளனுப்பி வரவழைத்தேன். வழுக்கைத் தலை, நிதானமான மனிதர், இருபது வருஷமாக இதே வேலை. என் நோட்டை நீட்டினேன். சிரிக்கவில்லை அக்கா, அதுதான் எனக்குப் பிடித்தது. "ஓட்டம் எப்படி? ஏதாவது குறிப்பு உண்டா?" என்று சக தொழிலாளி மாதிரி கேட்டார். 'படி ஏறினால் சற்றுத் தடுமாறும்' என்று எழுதிக் கொடுத்தேன். "காலை எட்டு நாற்பது, ஓடும் நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான், நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

நாலு மணி நேரம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அதை நான் சொல்லப் போவதுமில்லை. கண் விழித்தபோது தொண்டையில் குழாய், பேச முடியாது. எழுதிக் காட்ட ஒரு பலகையும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். உன் தம்பி பெண்டாட்டி வந்தாள், அழுதாள், கண்ணைத் துடைத்தாள், பலகையை எடுத்து என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாற்பது வருஷத்துக் கணக்கையும் தீர்த்தாள். பதிலுக்கு நான் ஒரு 'ம்' கூடப் போட முடியாது. கல்யாணமானதிலிருந்து இவ்வளவு திருப்தியாகப் பேசினது இல்லை என்று இன்றுவரை அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். குழாயை எடுத்ததும் நான் கேட்ட முதல் விஷயம் நோட்டு. அதில் 'பன்னிரண்டு நாற்பது, ஓடும் நிலையில் திரும்ப ஒப்படைத்தேன்' என்று இருந்தது. நான் எதற்கும் கலங்குகிறவன் இல்லை, அன்றைக்குக் கண்ணில் ஏதோ மருந்து விட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு தொல்லை. மத்தியானம் சும்மா படுத்திருந்தால் டக், டக், டக் என்று ஒரு சத்தம். சுவர்க்கடிகாரம் என்று நினைத்து பேட்டரியைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. மேஜைக் கடிகாரத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டினேன். நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் அவர் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிச் சண்டை போட்டு, திரும்பி வந்து கதவைச் சாத்தினால், கூடவே வருகிறது. அப்புறம்தான் உன் தம்பி பெண்டாட்டி என் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "கடியாரத்துக்கெல்லாம் பேட்டரியைத் திரும்பப் போடுங்க, சத்தம் உங்களுக்குள்ளதான்" என்றாள். உலோக வால்வு, வேலை செய்கிறது என்று அர்த்தம். இதுவும் குறிப்பிடத்தக்க நிகழ்வு இல்லையாம்!

ஆகவே அக்கா, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை உன் தம்பி ஒரு நிமிஷம்கூடப் பயப்படவில்லை. அன்றே போனில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். நீயும் அப்படியே போ. டம்ளரை எடு, ஃபாரத்தை நிமிர்த்து, கையெழுத்தைப் போடு. நான் தலைகீழாக நின்றாவது உன்னைப் போட வைப்பேன். நான் ரிட்டயர் ஆனபோது மாலை போட்டவர்கள் உண்டு, 'சார்' என்கிறவர்கள் உண்டு, 'ஐயா' என்கிறவர்கள் உண்டு. 'டேய்' என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதற்கு மேல் எழுதினால் மை பரவும்.

உன் பெரியவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் என் ஆசிகள். உனக்கு நான் ஆசி சொல்ல முடியாது, வயதில் சின்னவன், ஆகவே காலைத் தொட்ட கையோடு கட்டளையிடுகிறேன்.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத உன் தம்பி.

பின்குறிப்பு: வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி, ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்ச். மேலே எழுதியது எதையும் நீ படிக்க வேண்டியதில்லை. நேற்றுச் சாயங்காலம் கவர் தேடியபோது உன் தம்பி பெண்டாட்டி கவரை ஒளித்து வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள். இன்று காலை, நீ உள்ளே போன பிறகுதான், போன் பண்ணிச் சொன்னாள். செவ்வாய்க்கிழமையே நீ இங்கே வந்து அட்மிட் ஆகிவிட்டாயாமே! இரண்டு நாளாகச் சிநேகிதி வீட்டுக்கு என்று அவள் ஃப்ளாஸ்க்கோடு கிளம்பியதெல்லாம் உனக்குத்தானாமே! 'அவன்கிட்ட சொல்லாத, வந்து மெஷினைப் பிரிச்சுப் பார்ப்பான்' என்று நீதான் சொன்னாயாம்.

இன்னொன்றும் சொன்னாள். ஞாயிறு ராத்திரியே உனக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் உடைத்துவிட்டாளாம். சரி, நானே எழுதிவிடுகிறேன். என் ஆபரேஷன் அன்று காலை நான் கட்டிலில் இல்லை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், தண்ணீர் பம்ப் அறையில் இருந்தேன். பிரஷர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனதாக அங்கிருந்த ஆபரேட்டரிடம் சொன்னேன். வார்டே தேடியது. கண்டுபிடித்தது உன் தம்பி பெண்டாட்டி. பச்சை அங்கியோடு பம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவளைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். "நிறுத்தினா திரும்ப ஓடுமா?" என்று கேட்டேன். மூன்றாம் நம்பர் பம்பை நான்தான் நிறுத்தினேன் அக்கா, நல்லா ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வாஷர் மாற்றத்தான் நிறுத்தினேன், அப்புறம் அது ஓடவே இல்லை. அவள் மேலே போய் அந்த மெஷின்காரரை அழைத்துக்கொண்டு வந்தாள். நோட்டும் அவள் கொண்டுவந்ததுதான், யோசனையும் அவளுடையதுதான். "இவர் கையெழுத்துப் போட்டுத் தருவார், திரும்ப ஓட வெச்சுத்தான் குடுப்பார், எழுந்திரிங்க" என்றாள். பம்ப் அறையில் நின்றபடிதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

இதைக் கேட்டு நீ என்ன சொன்னாய் என்றும் சொன்னாள். "அவ்வளவு பயந்தானா அவன்? என்கிட்ட சிங்கம் மாதிரி போனேன்னு சொன்னானேடி! பயமில்லாதவங்கதான் அங்க போகணும்னு நெனைச்சு நான் மாட்டேன்னு உட்கார்ந்திருக்கேன். அவனே போயிட்டு வந்துட்டான்னா எனக்கென்ன, குடு அந்த ஃபாரத்தை." கடைசி வார்த்தை பக்கத்தில் நின்ற உன் பெரியவனுக்காம். எட்டு மாசமாக நான் அளந்த வீரம்தான் உன்னை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. நாலு நாள் எழுதின கடிதம் சாதிக்காததை, என் மானத்தை வாங்கி இரண்டே நிமிஷத்தில் சாதித்துவிட்டாள்.

உன்னிடம் அவள் கொண்டுவந்து கொடுத்த நோட்டு இப்போது என் மடியில். என் வரிக்குக் கீழே, 'எட்டு இருபது, ஓடும் நிலையில் ஒப்படைத்தேன்' என்று உன் கோணல் கையெழுத்து. 'பெற்றுக்கொண்டேன்' என்று அதே மெஷின்காரர். அதற்குப் பக்கத்துக் கட்டம் காலி. அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

மறு பின்குறிப்பு: பதினொன்று பத்து. கதவைத் திறந்துகொண்டு வந்தார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, நோட்டை வாங்கி நின்றபடியே எழுதினார். கட்டம் நிறைந்தது. கண்ணில் மருந்து எதுவும் விடவில்லை.

கடைசி பின்குறிப்பு: சாயங்காலம் ஐந்து மணி. நீ கண் விழித்துவிட்டாய் என்று என்னை உள்ளே விட்டார்கள். தொண்டையில் குழாய். அறுபது வருஷத்தில் முதல் தடவையாக நீ குறுக்கே பேச முடியாது என்று தைரியமாக இந்தக் கடிதத்தைப் பிரித்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். பலகையை எட்டாத இடத்தில் வைக்க மறந்துவிட்டேன். நான் பந்து உருண்ட இடத்துக்கு வந்தபோது நீ கையை நீட்டி, பலகையை இழுத்து, நடுங்குகிற எழுத்தில் எழுதிக் காட்டினாய்: 'டேய். போதும்டா.' அதை யாரும் அழிக்கக் கூடாது என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.